முன் சீட்டில் ஒரு தூக்கம்

பிப்ரவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்த வயதில் அதுவே பெரிசு. உனக்கும் உன் தையல் மெஷினுக்கும் உடம்பு எப்படி?

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு கடை கடையாக ரொட்டி இறக்கியிருக்கிறேன். தையலெல்லாம் வெளியே, கழுத்துப் பட்டைச் சீட்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஒருத்தன் வாய் திறக்கவில்லை. கடைசிக் கடை மளிகைக்காரி மட்டும், "என்ன டிரைவர், இதுதான் இப்ப பேஷனா?" என்று கேட்டாள். பட்டனை எப்படிப் போட்டீர்கள் என்று நீ கேட்பாய், தையல்காரன் புத்தி. உள்ளே கையை விட்டுத் தடவித்தான் போட்டேன். விரல் மரத்துப்போகும் வயது வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அக்காவிடம் சண்டைக்குத்தான் வீட்டுக்குப் போனேன். என் சட்டையைத் தினமும் சரியாகத் திருப்பி ஆணியில் மாட்டுவது அவள். தரையில் துணிக்குவியல் நடுவே உட்கார்ந்திருந்தாள். கையில் என் பனியன், பாதி மடித்தபடி. கண் மூடியிருந்தது. சுவரில்கூடச் சாயவில்லை, நேராக உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். சண்டையைச் சமையலறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இத்தனை வருஷம் படுக்கை விரிப்பு மடித்தாளே, டிசம்பரில் அந்த வேலை முடிந்தது. இனிமேலாவது உட்காருவாள் என்று பார்த்தேன். உட்கார்ந்தால் அல்லவா? வீட்டுத் திரைச்சீலை எல்லாம் துவைத்து முடித்துப் பக்கத்து வீட்டுத் திரைச்சீலைக்குப் போய்விட்டாள். இப்போது மகள் போன் பண்ணியிருக்கிறாள். ஜூன் கடைசியில் இரண்டாவது பிரசவம். அம்மா ஏப்ரலிலேயே வந்துவிட வேண்டும், வருஷக் கடைசி வரை இருக்க வேண்டும். முதல் பிரசவத்துக்குப் போனவள் எப்படித் திரும்பி வந்தாள் என்று உனக்குத் தெரியும். ஸ்டேஷனில் அடையாளம் தெரியாமல் அவளைத் தாண்டிப் போனவன் நீ.

இவள் போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "நாளைக்கே வரச் சொன்னாலும் வரேன். இங்க சும்மா உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு." போனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள். எடுத்த பெட்டி மேலேயே தலையை வைத்துவிட்டாள்.

அம்மா களைத்துப்போயிருக்கிறாள் என்று மகளிடம் நேராகச் சொல்லலாம். எனக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிட்டது. "மாசமா இருக்கிற பொண்ணுகிட்ட போய் எனக்கு முடியலன்னு சொன்னீங்கன்னா, அப்புறம் நான் உங்ககூடப் பேச மாட்டேன்." சொன்னால் செய்கிறவள். அவளைப் போக விடாமல் நிறுத்த ஒரு வழி சொல். போனில் வேண்டாம். பக்கத்திலேயே நின்று எனக்குப் பதில் எடுத்துக்கொடுப்பாள். ரொட்டிக் கம்பெனி விலாசத்துக்கு எழுது.

இப்படிக்கு,
சட்டையைத் திருப்பிப் போட்டவன்


பிப்ரவரி 15

அத்தானுக்கு வணக்கம்.

கழுத்தையும் கண்ணையும் கழித்துவிட்டால் மீதி உடம்பு சுகமாக இருக்கிறது. ஜூனில் திறக்கிற பள்ளிக்கு இப்போதே சீருடை ஆர்டர். வெள்ளைத் துணியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துச் சிரித்தேன். பனியன் இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன்.

நான் துணி வெட்டக் கற்றுக்கொண்டது யார் உடம்பில் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாம் அக்காவின் ரவிக்கை. அப்போது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. புதுத் துணி வாங்கிக்கொண்டு வந்து, "இந்தா, வெட்டு" என்று கொடுப்பாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. முதுகு ஒரு பக்கம் இழுக்கும். அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். அங்கே கேலி பண்ணியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. "அடுத்த தடவை கக்கத்துல கொஞ்சம் விட்டு வெட்டுடா, கை தூக்க முடியல" என்பாள். அவ்வளவுதான். இன்றைக்கு என் கடையில் கக்கம் பிடிக்கிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

அவள் தனக்காக நிற்க மாட்டாள், அத்தான். வேறு யாருக்காகவாவதுதான் நிற்பாள். அதனால் நோயை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா இப்போது நகர முடியாது என்று மகளுக்கு எழுதுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு முதுகுவலி என்றால் டாக்டரே நம்புவார். நீங்கள் நடிக்க வேண்டியதுகூட இல்லை, எப்போதும் நடக்கிற மாதிரி நடந்தாலே போதும்.

அக்காவிடம் நான் எழுதியதாகச் சொல்லாமல் கேட்டதாக மட்டும் சொல்லுங்கள்.

தம்பி


பிப்ரவரி 21

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீயும், உள்ளே இருக்கிற ஆளும், ஓடித் திரிகிற பெரியவனும், மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உன் கால் வீக்கம் குறைந்ததா? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டே வேலை பார்க்காதே. ஒரு ஸ்டூல் கேள். வெட்கப்படாதே.

ஒரு விஷயம். அப்பாவுக்கு முதுகில் ஒரு பிடிப்பு. பயப்பட ஒன்றுமில்லை, பார்த்தால் தெரியாது. ரொட்டி டிரே தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொன்னார். ஆகவே ஏப்ரலில் அம்மாவை அனுப்புவது சிரமமாக இருக்கும்போல் தெரிகிறது. உனக்குக் கோபம் வரும். அப்பாவைத் திட்டிக்கொள், அம்மாவிடம் கேட்காதே. முதுகு விஷயம் அவளுக்கு முழுசாகத் தெரியாது, பாவம், கவலைப்படுவாள்.

நன்றாகச் சாப்பிடு. இரண்டு பேருக்கு.

உன் அப்பா


மார்ச் 17

அப்பா,

நாங்கள் சுகம். கால் வீக்கம் அப்படியேதான். ஸ்டூல் கேட்டேன், கொடுத்தார்கள், அதில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போட்டால் ஏதாவது தப்பாக எழுதிவிடுவேன் என்று விட்டுவைத்தேன். முதுகுவலி என்றால் வருத்தம்தான். ஆனால் எனக்கும் வேறு யாரும் இல்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறி மாறி வருகிறது. மாமியார் தன் முழங்காலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பெரியவனை நர்சரியில் விட, கூட்டி வர, சமைக்க, எல்லாம் நான்தான். போன பிரசவத்தில் தையல் பிரிந்து நான் கிடந்த கிடப்பு உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்ததால்தான் எழுந்தேன்.

இன்னொன்று. அம்மாவிடம் கேட்காமல் எப்படி இருப்பது? கேட்டேன். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "உங்கப்பா எதையும் சொல்லமாட்டார், எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுப்பார்" என்று போனிலேயே அழுதுவிட்டாள். நான்தான் சமாதானம் சொன்னேன். இனிமேலாவது வலியை மறைக்காதீர்கள்.

உடம்பைக் கவனியுங்கள்.

மகள்


மார்ச் 24

மச்சானுக்கு,

நீ சுகமாக இருப்பாய். யோசனை சொன்னவன் எப்போதும் சுகமாகத்தான் இருப்பான்.

மகள் போனை வைத்த நிமிஷம் முதல் நான் நோயாளி. கட்டிலில் பலகை போட்டாயிற்று. வெந்நீர்ப் பை முதுகில் ஏறி இறங்குகிறது. ஷூ கயிற்றை நான் கட்டக் கூடாதாம், உட்கார்ந்து அவள் கட்டுகிறாள். நான் மேலே இருந்து அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறேன். குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "சோப்பு கீழ விழுந்தா எடுக்காதீங்க, கூப்பிடுங்க" என்கிறாள். நேற்று சோப்பு விழுந்தது. பேசாமல் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கம்பெனிக்கு வந்து முதலாளியைப் பார்த்துவிட்டாள். டிரே தூக்கினால் இவருக்கு முதுகு போய்விடும், அதனால் முதுகு சரியாகும்வரை நான் வண்டியில் வந்து இறக்கிக் கொடுக்கிறேன் என்றாள். முதலாளிக்கு என்ன, சும்மா கிடைத்த ஆள். விடியும் முன்பே எனக்கு முன்னால் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, வண்டியில் ஏறி, ஒவ்வொரு கடை வாசலிலும் ரொட்டி டிரேயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குகிறாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர்கள் என்னைப் பார்க்கிற பார்வையை நீ பார்க்க வேண்டும். மளிகைக்காரி இப்போது என்னிடம் பேசுவதே இல்லை.

அவளுக்கு ஓய்வு கொடுக்கக் கிளம்பினேன். இருந்த வேலைக்கு மேல் ஒரு லோடு வேலையையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடட்டுமா? எனக்கும் களைப்பாக இருக்கிறது மச்சான். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதில் இவ்வளவு களைப்பு இருக்கும் என்று தெரியாது.

உடனே எழுது.

அத்தான்


ஏப்ரல் 4

அத்தானுக்கு,

இங்கே வழக்கமான சுகம்தான்.

முதுகு சரியாகிவிட்டது என்று சொன்னால் அடுத்த ரயிலில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். சரியாகவில்லை என்றால் டிரே தூக்குவாள். இரண்டும் ஒரே துணிதான், எந்தப் பக்கம் வெட்டினாலும் குட்டையாக வருகிறது. எனக்கு வழி தெரியவில்லை. மெதுவாகவாவது ஓட்டுங்கள்.

கண் டாக்டரிடம் போக வேண்டும். போகவில்லை. அக்காவிடம் சொல்லாதீர்கள்.

தம்பி


ஏப்ரல் 22

மச்சானுக்கு,

முதலில் கண் டாக்டரிடம் போ. போகவில்லை என்றால் உன் அக்காவிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் ஊசியில் நூல் கோக்க அவளே அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

மெதுவாக ஓட்டச் சொன்னாய். போன வாரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். ஏதோ கேட்கத் திரும்பினால் உன் அக்கா தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்க, தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருக்க, நன்றாகத் தூங்குகிறாள். ரயில் போயிற்று. கேட்டைத் திறந்தார்கள். நான் நகரவில்லை. பின்னால் இருந்த லாரிக்காரன் இறங்கி வந்து என் வம்சத்தையே விசாரித்தான். வாயில் விரலை வைத்து உள்ளே காட்டினேன். எட்டிப் பார்த்தவன் திரும்பிப் போய் லாரியை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனான். நல்ல மனுஷன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அவளால் தூங்க முடியாது. எந்தப் பக்கம் கண்ணைத் திறந்தாலும் ஒரு வேலை அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. வண்டியில் அவள் கைக்கு எட்டுவது கியர் கம்பி ஒன்றுதான். அதைத் துவைக்க முடியாது, மடிக்க முடியாது.

இப்போது அவளுக்கு ஒரு உத்தியோகம் கொடுத்திருக்கிறேன். பின் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, ரொட்டி விழாமல் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று சொன்னேன். கண்ணாடியைப் பார்ப்பாள், இரண்டு தெரு தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். கடை வந்ததும் சத்தமில்லாமல் இறங்கி, என் முதுகுக்குத் தெரியாமல் நானே தூக்கி வைக்கிறேன். அடுத்த கடைக்கு நேராகப் போவதில்லை. ஊரைச் சுற்றி ஒரு சாலை இருக்கிறது, அதில் போகிறேன். ரொட்டி தாமதமாகப் போகிறது என்று புகார். "என்னய்யா, ரொட்டி ஊர்வலம் விடுறியா?" என்று முதலாளி கேட்டார். இந்த மாதம் முடியும்வரை பார்ப்பாராம், அதற்கு அப்புறம் வேறு டிரைவராம்.

வேலை போனால் வண்டியும் போகும். வண்டி போனால் அவள் எங்கே தூங்குவாள்?

அத்தான்


ஏப்ரல் 25

அப்பா,

இங்கே சுகம். அங்கே சுகம்தானா என்று கேட்க எனக்கு இஷ்டமில்லை.

அம்மா உங்கள் வண்டியில் ரொட்டி டிரே தூக்குகிறாளாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். இங்கே வந்திருந்தால் ஒரு சின்னக் குழந்தையைத்தான் தூக்கியிருப்பாள். முதுகு அவ்வளவு மோசமென்றால் வேலையை விடுங்கள். மோசமில்லையென்றால் அவளை விடுங்கள். என் அம்மாவை நீங்கள் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மகள்


மே 3

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீ கேட்டது நியாயம். அப்பாவிடம் பதில் இருக்கிறது, ஆனால் எழுத முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ என்னைச் சுயநலக்காரன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். இந்தத் தோலுக்கு அது உறைக்காது.

ரொட்டி தாமதமாகப் போகிறது என்று முதலாளி என்னைத் திட்டினார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை, கடைகளின் வரிசையை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அவசரக் கடைகள் முதலில், அப்புறம் தூரக் கடைகள். அதற்கு முந்தின நாள்தான் வண்டிப் பக்கம் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆளை எழுப்பு.

உன் அப்பா


மே 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். டாக்டர் எடையும் ரத்த அழுத்தமும் பரவாயில்லை என்றார். நீங்களும் அம்மாவும் நன்றாக இருக்க வேண்டும்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்களாம். வழக்கமான பேச்சு. நான் வேலையிடத்துக் கதை சொல்ல, அவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ம் நின்றுவிட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பயந்துபோய்க் கத்தலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் மூச்சு கேட்டது. அம்மா தூங்கிவிட்டாள். போனைக் காதில் வைத்தபடியே.

நான் போனை வைக்கவில்லை. அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தூங்கும் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை அப்பா. போன தடவை இங்கே இத்தனை மாதம் இருந்தாளே, எப்போது எழுந்தாலும் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். "எப்பம்மா தூங்குனே?" என்று கேட்டால், "இப்பத்தான் எழுந்தேன்" என்பாள். நான் அதை நம்பினேன். எனக்கு நம்புவது வசதியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து, விட்ட இடத்திலிருந்து, "அப்புறம் அந்த மேனேஜர் என்ன சொன்னா?" என்று கேட்டாள். நான் சொன்னேன்.

உங்கள் முதுகு எப்படி இருக்கிறது என்று இனிமேல் விசாரிக்க மாட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை ஒரே ஷிப்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் வேலைக்கு ஒரு அம்மாவைப் பேசியிருக்கிறோம். மாமியார் உட்கார்ந்தபடி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எல்லாம் ஓட்டைதான், ஆனாலும் ஓடும். குழந்தை பிறந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், பார்த்துவிட்டுப் போக. இதை நானே அம்மாவிடம் சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நிஜமாகவே எழுதுகிறேன்.

மகள்


ஜூன் 5

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நாங்கள் சுகம். உன் மாமாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. முதல் தடவையாகத் தன் தையலைத் தானே பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறான். நீ தைரியமாக இரு. நாள் நெருங்க நெருங்க பயம் வரும், அதையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் நீ அம்மாவுடன் பேசியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ நன்றாகத்தான் சொன்னாயாம், சிரித்துக்கொண்டு, எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது, நீ விருந்தாளியாக வாம்மா என்று. அவளும் சரி சரி என்றுதான் சொன்னாள். போனை வைத்தாள். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை இழுத்துத் திறந்து, உள்ளே வைத்திருந்த குழந்தைத் துணிகளை எடுத்து மறுபடியும் மடித்தாள். மடித்ததையே மடித்தாள்.

"அவளுக்கு என் மேல கோபமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "போன தடவை நான் சரியாப் பாத்துக்கலையோ?" அதற்கும் இல்லை என்றேன்.

இன்னொரு துணியை எடுத்து மடித்தாள். பிறகு, "உங்களுக்கு முதுகு வலி இல்லைன்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும்" என்றாள். "குனிஞ்சு டயரைத் தட்டிப் பாத்தீங்க."

"அப்புறம் எதுக்கு டிரே தூக்கினே?"

"தனியா இருக்கப் பயம்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு முதுகுங்கிறீங்கன்னு நினைச்சேன். போகட்டும், வயசான ஆம்பளை, கூடவே இருந்துட்டுப் போவோம்னு விட்டுட்டேன்."

பார்த்தாயா, நான் அவளுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பொய்யையும் எனக்காகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"ஏங்க, நான் இல்லாம உங்களால நெசமாவே முடியாதா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. குழந்தைச் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நீ வேண்டாம் என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரே நாளில் இரண்டு பேர் அதைச் சொல்லக் கூடாது.

"முடியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "காலையில வண்டிக்கு நேரமாச்சுன்னா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். தன்னை எழுப்பும்படி அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. கையை நீட்டினால் துணிக்கூடை எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் நீட்டவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பெரியவனுக்கு ஒரு முத்தம், மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தை பிறந்ததும் தகவல் சொல்லு, இரண்டு பேரும் வருகிறோம். அதுவரை அவள் கேட்டால், அப்பாவால் ஒன்றும் முடியாது என்றே நீயும் சொல். நேற்று அவளிடம் நான் வாய்விட்டுச் சொல்லாததை உனக்கு மட்டும் எழுதுகிறேன்:

முடியும். எல்லாமே என்னால் முடியும். நீ தூங்கு.